வெள்ளி, செம்பு, மரம், பிஓபி: தலைக்கு மேலே ஒரு சரித்திரம்

செங்கோட்டையின் ரங் மகாலில் வழிகாட்டிகள் எல்லோரும் தரையைத்தான் காட்டுவார்கள். நடுவில் பளிங்கில் செதுக்கிய தாமரைத் தொட்டி, அதற்குத் தண்ணீர் வந்த வாய்க்கால், இத்யாதி. அண்ணாந்து பார்க்கச் சொன்ன வழிகாட்டியை நான் இதுவரை சந்திக்கவில்லை. சரித்திரம் என்னவோ மேலேதான் நடந்திருக்கிறது.

ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் கட்டி முடித்த கோட்டை. அப்போது ரங் மகாலின் உட்கூரை வெள்ளி. ஃபரூக்சியர் ஆண்ட காலத்தில் (1713-1719) பணமுடை வந்தது. வெள்ளியைக் கழற்றிக்கொண்டு செம்புத் தகடு அடித்தார்கள். இரண்டாம் அக்பர் காலத்தில் (1806-1837) செம்பும் போய் மரப்பலகை வந்தது. அவருக்கு அடுத்த பகதூர் ஷாவோடு ராஜ்ஜியமே போயிற்று. வெள்ளிக் கூஜா பித்தளையாகி, பித்தளை எவர்சில்வரான குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. பாதுஷா வீட்டிலும் அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பக்கத்திலேயே திவான்-இ-காஸ். மயிலாசனம் இருந்த இடம். 1739-ல் நாதிர் ஷா ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு போனான், கூரையை விட்டுவிட்டான். 1760-ல் தில்லிக்குள் புகுந்த மராட்டியப் படைக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. தளபதி சதாசிவராவ் பாவு அண்ணாந்து பார்த்திருக்கிறார். கூரை வெள்ளியைப் பெயர்த்து உருக்கிக் காசாக அடித்தார்கள். அடுத்த ஜனவரியில் மூன்றாம் பானிபட் யுத்தம். பாவு அங்கேயே மடிந்தார். இன்றைக்கு அந்த மண்டபத்தில் நாம் பார்ப்பது மரக்கூரை, 1911-ல் வண்ணம் தீட்டியது.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் தீபாவளி. நம்மூரில் தீபாவளிக்கு வெள்ளையடிப்போம் என்றால், தில்லியில் வீட்டையே பாதி இடிப்பார்கள். யமுனைக்கு இந்தப் பக்கம் எண்பதுகளில் கட்டிய கூட்டுறவு அடுக்ககங்களில் ஒன்று எங்களுடையது. இந்த வருஷம் மட்டும் எங்கள் பிளாக்கில் நாலு வீட்டில் சீலிங்கைப் பெயர்க்கிறார்கள். தொண்ணூறுகளில் ஆசை ஆசையாகப் போட்ட பிஓபி. நடுவில் தட்டு மாதிரி வட்டம், வட்டத்துக்குள் பூ, பூவுக்கு நடுவில் மின்விசிறி, ஓரத்தில் மறைவிளக்கு. இரண்டாயிரங்களில் சுவரில் சீப்பு வைத்து இழுத்த டெக்ஸ்சர் பூச்சையும் இப்போது சுரண்டி எடுக்கிறார்கள். சொரசொரப்பு போய் வழவழப்பு வரவேண்டுமாம். வந்தது எல்லாம் ஒருநாள் போகிறது, சரி. ஆனால் உண்மையான கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரையைத் தொங்கவிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

நம் வீடுகளில் அது கிடையாது. 'விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்' என்று திட்டுவோமே, அந்தத் திட்டுக்கு விட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வாங்கிய நம் மச்சில் தேக்கு உத்திரங்களுக்கு மேலே செங்கல்லைச் செங்குத்தாக, சாய்கோட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கீழே படுத்தவனுக்கு எல்லாம் தெரியும். எது உளுத்தது, எங்கே ஒழுகுகிறது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பழைய தில்லி ஹவேலிகளிலும் அப்படித்தான். மர உத்திரத்தைக் கடி என்பார்கள், அதன்மேல் பாவிய கல் பலகையை டுக்டி என்பார்கள். பிறகு இரும்பு கார்டர் வந்தது. இரண்டு கார்டர்களுக்கு நடுவே செங்கல்லை வில்லாக வளைத்துக் கட்டினால் டாட் கூரை. அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை.

துணிக்கூரைதான் இங்கே முதல் பொய்க்கூரை என்று எனக்குத் தோன்றுகிறது. வட இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் இருந்த பங்களாக்கள் பலவற்றுக்கு மேலே கீற்று அல்லது புல் வேய்ந்திருக்கும். அதற்கடியில் சுவருக்குச் சுவர் ஒரு முரட்டுத் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கீழே இருந்து பார்த்தால் காரைக் கூரை போலவே இருக்கும். நம் ஊர்க் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வண்ணார் வந்து மேற்கட்டி கட்டுவாரே, அதை நிரந்தரமாக்கியது போல. கூரையிலிருந்து உதிரும் தூசி, பூச்சி, தேள் எல்லாம் துணியோடு நிற்கும். அணில், எலி, அவற்றைப் பிடிக்க வரும் பாம்பு எல்லாம் துணிக்கு மேலே தனிக் குடித்தனம். இரவில் துரை படுத்துக்கொண்டு மேலே ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார், பார்க்க முடியாது. கிப்ளிங் இதை வைத்தே ஒரு பேய்க்கதை எழுதினார், 'இம்ரேயின் வருகை' என்று, 1891-ல் புத்தகமாக வந்த தொகுப்பில். காணாமல் போன அதிகாரியின் வீட்டில் அடுத்தவர் குடிவருகிறார். பாம்பைத் தேடித் துணியைக் கிழித்தால் காணாமல் போனவரின் பிணம் மேஜைமேல் விழுகிறது. கொன்றது வேலைக்காரன். கதையை விடுங்கள், துணிக்கு மேலே என்ன கிடக்கிறதோ என்ற பயம் அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அப்படி ஒரு கதை யாருக்குத் தோன்றும்?

அழகுக்காகக் கூரையை மாற்றிய பெரிய மனிதர்களும் உண்டு. ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த லட்யன்ஸ் அதன் நடன மண்டபத்தை ஒரு மாதிரி நினைத்திருந்தார். 1931-ல் வைஸ்ராயாக வந்த வில்லிங்டனின் மனைவிக்கு அது போதவில்லை. இத்தாலிய ஓவியர் ஒருவரை அமர்த்தி உட்கூரை முழுக்கப் பாரசீக பாணியில் தீட்டவைத்தார். நடுவில் பாரசீக அரசர் ஃபத் அலி ஷா வேட்டையாடும் ஓவியம், தோலில் வரைந்தது. அம்மையார் அந்த மாளிகையில் செய்த மாற்றங்கள் எதுவும் லட்யன்ஸுக்குப் பிடிக்கவில்லை. கட்டினவருக்கும் குடியிருப்பவருக்கும் ஒத்துப்போகாதது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அசோகா ஹால் என்று நாம் அறிந்த மண்டபம் அதுதான்; 2024-ல் அசோக் மண்டப் என்று பெயர் மாற்றினார்கள். கூரை அப்படியே இருக்கிறது.

சாதாரண வீடுகளில் பொய்க்கூரை புகுந்ததற்கு அழகு முதல் காரணம் இல்லை. ஏசி. பழைய தில்லி வீடுகளில் கூரை பன்னிரண்டு, பதினாலு அடி உயரத்தில் இருக்கும். அதையொட்டிச் சுவரில் ரோஷன்தான் என்று ஒரு சின்ன ஜன்னல். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாக வெளியே போய்விடும். இழுக்கும் பங்கா போய் மின்விசிறி வந்தபோதும் ரோஷன்தானுக்கு வேலை இருந்தது. ஏசி வந்தவுடன் கணக்கு தலைகீழாயிற்று. உயரம் என்றால் குளிர்விக்க வேண்டிய வீண் காற்று. ரோஷன்தான் என்றால் ஓட்டை. தேசியக் கட்டட விதித்தொகுப்பே வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது, ஏசி அறை என்றால் 2.4 மீட்டர் போதும் என்கிறது. அந்த வித்தியாசத்தில் ஓர் அடிக்கும் மேல் கிடைக்கிறதே, அதில்தான் பிஓபி வந்து உட்கார்ந்தது. ரோஷன்தான்கள் எல்லாம் அதற்கு மேலே மாட்டிக்கொண்டன. மின்சாரம் போன மே மாத மதியத்தில் அந்த வீடுகளில் உட்கார்ந்து பார்த்தால் என்ன இழந்தோம் என்று புரியும்.

பிஓபி ஏன் ஜெயித்தது என்பதற்கு ரசாயனத்திலேயே பதில் இருக்கிறது. ஜிப்சத்தை ஏறக்குறைய 150 டிகிரியில் சுட்டால் அதனுள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் மாவில் மறுபடி தண்ணீர் விட்டால் சில நிமிஷங்களில் கல்லாகிவிடும். இறுகும்போது ஒரு துளி உப்பும், அதனால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் கூர்மையாக விழும். சுண்ணாம்பு அப்படி இல்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்து நிதானமாக இறுகும். மாதக்கணக்காகும். கிளிஞ்சலைச் சுட்டு, ஊறவைத்து அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து எடுத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பளிங்கு என்று நினைத்து வியந்த வெள்ளைக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உண்டு. ராஜஸ்தானில் ஆராயிஷ் என்று அதற்கு ஓர் அண்ணன் இருக்கிறது. செங்கோட்டை திவான்-இ-ஆமின் சிவப்புக் கல்லும் ஒருகாலத்தில் இப்படித்தான் வெள்ளைப் பூச்சுக்குள் இருந்தது. அந்தப் பொறுமைக்கெல்லாம் இப்போது யாரிடமும் நேரமில்லை. போதாக்குறைக்கு நாட்டின் ஜிப்சத்தில் ஏறக்குறைய முழுதும் ராஜஸ்தானில்தான் தோண்டுகிறார்கள். தில்லிக்கு அது பக்கத்து வீடு.

பிஓபி தூசி கண்ணையும் தொண்டையையும் கரிக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறொன்று. அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களிடம் கேட்டால் பாப்கார்ன் சீலிங் பற்றிச் சொல்வார்கள். ஐம்பதுகளிலிருந்து அங்கே பலகை இணைப்புகளையும் கொத்தனார் பிசிறுகளையும் மறைக்கக் கூரையில் பொரிப்பொரியாக ஒரு கலவையைத் தெளித்தார்கள். வேலை சீக்கிரம் முடியும், எதிரொலியும் குறையும். அதில் பல காலம் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. தீத்தடுப்புக்காக அதைத் தெளிப்பதை 1973-லும், அலங்காரத்துக்காகத் தெளிப்பதை 1978-லும் அந்நாட்டு அரசு தடுத்தது. கையிருப்பைப் பயன்படுத்த விட்டதால் எண்பதுகளின் வீடுகளிலும் அது உண்டு. எனவே அங்கே சுரண்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். சும்மா இருக்கும்வரை அது சாது. உடைத்தால்தான் நார் காற்றில் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக் கணக்குத் தீர்க்கும்.

இங்கே பாப்கார்ன் கிடையாது. ஆனால் 'ஏசி ஷீட்' உண்டு. குளிர்சாதன ஏசி இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். நெளிநெளியான கூரை ஷீட் எல்லோருக்கும் தெரியும். அதன் தட்டையான தம்பியைப் பழைய அலுவலகங்களிலும் மொட்டைமாடி அறைகளிலும் மரச்சட்டத்தில் அறைந்து சீலிங்காகப் போட்டிருப்பார்கள். மேலே பத்துப் பூச்சு டிஸ்டெம்பர் ஏறியிருப்பதால் பார்த்தால் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களுக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை இந்தியா 1986-ல் நிறுத்தியது. 1993-ல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. இறக்குமதியை மட்டும் விட்டுவைத்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு, ஆனால் அது ஆலையில் வேலை செய்பவனுக்கு. சுத்தியலோடு வீட்டுக்கு வரும் தினக்கூலிக்கு எந்தப் பதிவேடு? 2006-ல் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதென்று கிளெமென்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை அலங் வராமலே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தேசமே அதைப் பேசியது. நம் தலைக்கு மேலே இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன வாரம் மொட்டைமாடி அறையில் இடிக்கும் சத்தம் கேட்டு மேலே போனேன். பிஓபியைக் கொட்டியாகிவிட்டது. அதற்கும் மேலே சாம்பல் நிறத்தில் தட்டை ஷீட், முந்தைய உரிமையாளர் வெயிலுக்காகப் போட்டது. பீகார் பையன் ஒருவன், பதினெட்டு வயது இருக்கலாம், வாயில் கம்சாவைக் கட்டிக்கொண்டு சுத்தியலால் அதை உடைத்துக்கொண்டிருந்தான். நம் துண்டு மாதிரிதான் கம்சா. அதன் இழைகளுக்கு நடுவே இந்த நார் லாரி போகிற மாதிரிப் போகும். நிறுத்தச் சொன்னேன். "குச் நஹி ஹோத்தா, பாய்சாப், ஷீட் ஹீ தோ ஹை" என்றார் ஒப்பந்தக்காரர். ஒன்றும் ஆகாதாம், வெறும் ஷீட்தானாம். பத்து நிமிஷம் வாதாடியபின், மீதியை உடைக்காமல் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணியைக் கழற்றி முழுசாக இறக்க ஒப்புக்கொண்டார். அலமாரியில் மிச்சமிருந்த இரண்டு என்-95 முகமூடிகளைப் பையனுக்குக் கொடுத்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டான். இன்னொன்றைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் மல்பா அள்ள வண்டி வந்தது. இடிபாட்டை இங்கே மல்பா என்பார்கள். உடைந்த ஷீட்டைத் தனியாகப் பாலித்தீனில் சுற்றச் சொல்லியிருந்தேன். முழுசாக இறக்கியதைச் சுற்றியிருந்தார்கள், காலையில் உடைத்தது எல்லாம் பிஓபியோடு கலந்து சாக்கில் போய்விட்டது. வண்டிக்காரரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். நகராட்சிக் கிடங்குக்கெல்லாம் இல்லை என்று சிரித்தார். ஆற்றோரமாகப் புதுக் காலனி ஒன்று வருகிறது, பள்ளமான மனைகள். ஒருவர் பராயிக்கு, அதாவது மேடாக்க, பத்து வண்டி கேட்டிருக்கிறாராம். அடுத்த மாதம் அதன்மேல் வீடு கட்டித் தரை போடப் போகிறார்.