பாலாற்று ஊற்றுக்கால்

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் 'செத்த ஆறு' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே கரையோர ஊரில் பிறந்தவள் நான். எங்கள் கழனியில் பாதிக்கு ஏரித் தண்ணீர். மீதிக்கு மணலுக்கு அடியிலிருந்து வந்த தண்ணீர். ஏற்றமும் இல்லை, கவலை மாடும் இல்லை. தானாகவே வந்து பாய்ந்தது.

அதற்கு வழி ஊற்றுக்கால்: ஆற்று மணலில் வெட்டி, ஊறும் நீரைக் கழனிக்குக் கொண்டுவரும் வாய்க்கால். கணக்குக்குச் சொல்கிறேன்: ஆற்றுப் படுகை கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறங்கினால், ஊற்றுக்காலை அரை மீட்டர் மட்டுமே இறங்கும்படி வெட்டவேண்டும். ஆற்றுக்குள் மூன்று மீட்டர் ஆழத்தில் ஊறும் நீர், மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் தரைமட்டத்துக்கு வந்துவிடும்.

பாலாற்றுத் தண்ணீரைக் கால் வெட்டிக் கொண்டுவருவது இந்தப் பக்கத்தில் மிகப் பழைய வழக்கம். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேட்டிலேயே, பாலாற்றிலிருந்து வந்து ஊர் ஏரியை நிரப்பிய பெரும்பிடுகு வாய்க்கால் இருக்கிறது.

ஊற்றுக்காலில் சூட்சுமமெல்லாம் தலைப்பை, அதாவது கால் தொடங்கும் இடத்தை, எங்கே போடுவது என்பதில்தான். மழை ஓய்ந்து மேல்நீர் வடிந்ததும் என் பாட்டனார் விடியற்காலையில் ஆற்றில் இறங்குவார். சுற்றிலும் மணல் வெளுத்துக் கிடக்க, ஓரிடம் மட்டும் கருத்து ஈரமாக இருந்தால் அங்கே நிற்பார். பக்கத்தில் கோரை பச்சை கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். முழங்கை ஆழம் தோண்டி, ஒரு பிடி மணலை உள்ளங்கையில் தேய்ப்பார். நறநறவென்று பருமணலாக இருந்தால் சரி. வண்டல் கலந்து விரலில் ஒட்டினால் வேறு இடம் தேடுவார். வண்டல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. பருமணல்தான் தண்ணீர் தரும். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவர்கள் வந்தால், திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பிறகு தலைக்கட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் காலைத் தூர்த்துவிடும்; ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெட்டவேண்டும். செங்குத்தாக வெட்டினால் மணல் சரிந்து ஆளை மூடும் என்பதால் இரு பக்கமும் அகலச் சாய்த்து வெட்டுவார்கள். வராதவன் வீட்டுக் கழனிக்குத் தண்ணீர் கடைசியில்தான். இந்தக் குடிமராமத்தைக் கும்பினி அரசு 1858இல் சட்டமாகவே ஆக்கி, வராதவர்களிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. எங்கள் ஊரில் சட்டத்தைவிடப் பக்கத்து வரப்புக்காரனின் வாய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

1960களில் கரையோரம் பம்புசெட்டுகள் வந்தன. சொந்தக் கிணறு இருப்பவன் ஊர்க் கால் வெட்ட ஏன் வருவான்? ஆள் குறைந்தது. ஆனாலும் கால் ஓடியது. அதைக் கொன்றது ஆற்று மணலை அள்ளிப்போன லாரிதான். பாலாற்றின் மேலே புது அணை கட்டுவதுபற்றி மைசூருக்கும் சென்னைக்கும் 1892லேயே ஒப்பந்தம் போட்டார்கள். மணலுக்காக யாரும் பேசவில்லை. எங்களுக்கு அணையே அந்த மணல்தான். மழைக்காலத்து நீரைக் கோடைவரை வைத்திருந்தது அதுதான்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. வெள்ளம் வடிந்தபின் தலைப்புப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆற்றுப் படுகை எங்கள் காலின் வாய்க்கு ஓர் ஆள் மட்டம் கீழே கிடக்கிறது. அந்தத் தண்ணீர் காலில் ஏற வழியில்லை. என் கழனிக்கு இப்போது போர்வெல் பாய்கிறது.