நம்பிக்கையின் இலக்கணம்

நம்பிக்கை யாது என வினவினால் ஒவ்வொரு துறையாரும் ஒவ்வொன்று கூறுவர். சட்ட அறிஞர் எழுதிய சொல்லைக் காட்டுவர். சமூகவியலார் பிறர் நடத்தை பற்றிய எதிர்பார்ப்பு என்பர். பொருளியலார் கொடுத்த கடன் மீளுமா என்று பார்ப்பர். தமிழிலோ நாணயம் என்னும் ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிக்கின்றது.

இவ்விளக்கங்களைக் கண்டி வரலாற்றில் உரைத்துப் பார்ப்போம். 1815 மார்ச் 2ஆம் நாள் அரண்மனையின் மகுல் மடுவத்தில் ஆங்கிலேயரின் ஒப்பந்தம் வாசிக்கப்பெற்றது. பௌத்த சமயம் மீறவொண்ணாதது என்றது அதன் ஐந்தாம் பிரிவு. பிரதானிகள் ஒப்பமிட்டனர், அவருட் சிலர் தமிழெழுத்திலே. சட்டத்தார் வேண்டும் சொல் அங்கே குறைவின்றி இருந்தது. ஆயினும் 1817இல் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டது.

அதனை அடக்க ஆங்கிலேயர் அனுப்பியவர் கெப்பெட்டிப்பொல திசாவை. அவரோ கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். சேருமுன், தமக்களிக்கப்பட்ட துப்பாக்கிகளை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பினார் என்பர். தம்மைச் சுடவல்ல ஆயுதத்தைப் பகைவர் கையிற் சேர்த்தல் எந்தக் கணக்கிலும் நட்டமே. எதிர்பார்ப்பை முறித்தவர், ஒப்படைத்த பொருளை மட்டும் முறைப்படி மீட்டளித்தார். இச்செயல் துரோகமா, நாணயமா? மேற்சொன்ன மூவரும் ஒருமித்து விடை கூறார் என்றே எண்ணுகிறேன்.

1818 நவம்பரிற் கண்டியில் அவர் தலை துணிக்கப்பட்டது. மண்டையோட்டின் வடிவங்கொண்டு குணத்தை அறியலாம் எனக் கருதிய எடின்பரோக் கபாலவியலாரிடம் அவர் மண்டையோடு சேர்ந்தது. 1954இல் அது இலங்கைக்கு மீண்டது.