மேட்டுக்கும் சமதரைக்கும் ஒரே கடிகாரம்

'பிரெவே' என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தைப் பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் 1921-இல் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அதற்கு ஒரே விதிகள். நம் நாட்டில் நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா. அவ்விதிகளுள் சிலவற்றை விருதுநகர்ப் பக்கத்துச் சாலைகளில் வைத்துப் பார்ப்போம்.

விதி: 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40.

உரை: தூரம் மட்டுமே கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு, சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு, ஏறுகிறவருக்கும் இதே நேரம்தான். மலையேறுகிறவருக்கு இது அநீதி என்று உடனே தோன்றும். விருதுநகரிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தெற்கே போகும் நால்வழிச் சாலையில் ஏற்றமென்று சொல்ல ஒன்றுமில்லையே!

ஆனால் ஆடி மாதத்தில் கயத்தாறு வரை மிதித்துப் பாருங்கள். அங்கே காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பது முழங்காலுக்குப் புரியும். மேற்கிலிருந்து வரும் காற்று ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளும். லாரி ஒன்று பக்கத்தில் கடக்கையில் சட்டென நின்று, அது போனதும் திரும்ப அறையும். சித்திரையிலோ, கரிசல் காட்டு வெயிலில் ஒதுங்கச் சீமைக்கருவேலம்தான் உண்டு. இதையெல்லாம் எத்தனை மீட்டர் ஏற்றத்துக்குச் சமமென்று எழுதுவது? ஏற்றம் வரைபடத்திலேயே இருக்கிறது. காற்று மணிக்கு மணி மாறுகிறது. தடத்துக்குத் தடம் நேரத்தை ஈடுகட்ட எந்தச் சூத்திரம் போட்டாலும் அது ஒருவருக்குச் சலுகை, இன்னொருவருக்குத் தண்டனை.

விதி: இது பந்தயமல்ல, தரவரிசை கிடையாது.

உரை: முன் விதியின் குறையைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். நேரம் பதிவாகும், இடம் கிடையாது. 200 கி.மீ.யை ஒன்பது மணி நேரத்தில் முடித்தவரும் பதின்மூன்றே காலில் வந்தவரும் பெறுவது ஒரே பிரெவே சான்றிதழ். சீசன் முடிவில் வெவ்வேறு தடங்களின் நேரங்களை ஒரே பட்டியலில் அடுக்குகிறவர்கள் இவ்விதியின் உயிரையே எடுத்துவிடுகிறார்கள்.

மலைக்கென்று 'சூப்பர் ரான்டனே' தனியே உண்டு: 600 கி.மீ., குறைந்தது 10,000 மீட்டர் ஏற்றம், 60 மணி. அதை வேறு பயணமாகவே வைத்தார்கள். சமதரை நேரத்தோடு பெருக்கிக் கழிக்கவில்லை. அதுவே சரி.

விதி: வெளியுதவி 'கன்ட்ரோல்' எனும் சோதனை இடங்களில் மட்டும், இரவில் விளக்கும் ஒளியைப் பிரதிபலிக்கும் அங்கியும் கட்டாயம்.

உரை: தடம் எதுவானாலும் எல்லாருக்கும் சமமாக்கக்கூடியது இதுதான். இங்கே துளியும் தளர்வு கூடாது. சிவகாசிச் சாலையில் பின்னாலேயே கார் வைத்து வருகிறவர் எவ்வளவு முந்தி வந்தாலும் அவருக்குப் பிரெவே கொடுக்கக் கூடாது.