ஓரியின் நாணமும் வளனின் மௌனமும்

மோகனூரில் காவிரிக் கரையிலிருந்து வடகிழக்கே நோக்கினால், வானம் தெளிந்த நாள்களில் கொல்லிமலை தெரியும். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஆடிப்பெருக்கையொட்டி இங்கே மக்கள் ஆற்றில் நீராடும் வேளையில், மலைமேல் அவனுக்கு விழா எடுக்கின்றனர்.

அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். விழா மேடைகளில் நாம் பெரிதும் கேட்பது இந்த அம்பைத்தான். புலவரோ அத்துடன் நிறுத்தவில்லை. யாரெனத் தெரியாத அவ்வேடன் முன் பாணர் குழுவினர் பாடுகின்றனர். பாட்டினிடையே ஓரியின் பெயர் வருகிறது. தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். தன்னை இன்னாரென்று சொல்லாமலே வேட்டையாடிய இறைச்சியையும் மலையில் கிடைத்த பொன்னையும் அள்ளித் தருகிறான். பின்னர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். எனினும் வள்ளல் எழுவர் வரிசையில் கொன்றவனும் இருக்கிறான், கொல்லப்பட்டவனும் இருக்கிறான். வெற்றி தோல்வி அங்கே அளவுகோல் அன்று.

சங்கப் பாடல் தனிப்பாடல், காப்பியம் வேறு. தன்னிகரற்ற தலைவனைப் பெருங்காப்பியத்திற்கு இலக்கணமாக்கியது தண்டியலங்காரம். அவ்விலக்கணத்தைக் கொண்டு சிலப்பதிகாரத்தை அளப்பது கடினம்: கோவலன் போர் அறியா வணிகன், அரசவையில் நீதி கேட்டு நின்றவள் அவன் மனைவி.

1726-இல் இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் தேம்பாவணியை நிறைவு செய்தார். 36 படலங்கள், 3615 பாடல்கள். தலைவர் புனித சூசையப்பர். துணிச்சலான தேர்வு என்றே சொல்வேன். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கையில் இருப்பது தச்சுக் கருவி. வீரமாமுனிவரின் சபைக் கல்லூரிகளில் வெர்ஜில் பாடமாயிருந்தது. அக்காப்பியத்தில் ஏனியாசு எரியும் நகரிலிருந்து தந்தையைத் தோளில் சுமந்து வெளியேறுகிறான். இங்கே சூசையப்பர் ஏரோதின் வாளுக்குத் தப்பிக் குழந்தையோடு எகிப்துக்கு இரவில் புறப்படுகிறார். ஏனியாசு பின்னர் போரிட்டு நாடு பெற்றான். சூசையப்பரோ நாசரேத்துக்குத் திரும்பித் தம் தொழிலைத் தொடர்ந்தார்.

யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருகுதலைக் குறிப்பது. வீரமாமுனிவர் அதைத் தமிழாக்கி, தம் தலைவருக்கு வளன் என்று பெயரிட்டார்.