சாம்பலின் கீழ் எஞ்சியிருந்த உயிர்

எரிமலை வெடித்தால் முதல் நாள் அது பத்திரிகையின் தலைப்புச் செய்தி. மறுநாள் மாண்டோரின் எண்ணிக்கை, அதற்கடுத்த நாள் சேத விபரம், ஒரு வாரம் கழித்து உட்பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. அத்துடன் அச்செய்தி முடிந்துவிடும். வெந்துபோன நிலத்தில் முதற்செடி எப்போது முளைத்தது, அதனை வாழவைத்தது எது என்று அறிந்துவர எந்தச் செய்தி ஆசிரியரும் நிருபரை அனுப்புவதில்லை. நீண்டகாலம் இத்தொழிலில் இருந்தவன் என்ற வகையில் இக்குறையில் எனக்கும் பங்குண்டு. விடுபட்டுப்போன அந்தச் செய்தியின் வரலாற்றையே இங்கு எழுத முனைகிறேன்.

1883 ஆகஸ்ட் 26, 27 ஆகிய திகதிகளில் சுந்தா நீரிணையில் கிரக்கட்டோவா தீவு வெடித்துச் சிதறியது. 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வெடியின் ஓசை இலங்கையிலும் கேட்டது; அதனால் எழுந்த பேரலை எமது தீவின் தென்கரையையும் எட்டியது. மறு ஆண்டு மே மாதத்தில் அங்கு சென்ற பிரெஞ்சுக் குழுவினர் கண்ட ஒரேயோர் உயிர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. 1886இல் யாவாவின் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் மெல்ஷியோர் திரோய்ப் சென்றபோது, சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசி மெல்லிய படையாகப் படர்ந்திருந்ததையும் பன்னங்கள் வேரூன்றியிருந்ததையும் கண்டார். வெறுமையான நிலத்தை உயிர்கள் படிப்படியாகக் கைப்பற்றும் முறை பற்றிய ஆய்வில் இது ஒரு தொடக்கமாயிற்று.

இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்ட 1885ஆம் ஆண்டில், எரிமலைகளோடு தொடர்பேதுமற்ற ஒரு ஜேர்மன் தாவரவியலாளர் வேறொன்றைக் கண்டறிந்தார். உணவுக்குரிய ஒருவகை நிலக்கீழ்க் காளானைப் பயிரிட வழியுண்டா என ஆராயுமாறு பிரஷ்ய அரசு ஆல்பேர்ட் பிராங்க் என்பவரைப் பணித்திருந்தது. அவர் மரங்களின் நுனிவேர்களைப் பங்கசு இழைகள் போர்த்தியிருப்பதைக் கண்டு, அது நோயன்று, கூட்டுவாழ்வு என்றார். பங்கசு நீரையும் பொசுபரசு முதலான சத்துக்களையும் மண்ணிலிருந்து திரட்டி மரத்துக்கு அளிக்கிறது. மரம் தான் தயாரித்த வெல்லத்தைப் பங்கசுக்கு அளிக்கிறது. 'மைக்கோரைசா' என்று அவர் இட்ட பெயருக்கு 'பங்கசு வேர்' என்பதே பொருள். தமிழகத்தில் பூஞ்சை எனப்படும் இந்தப் பங்கசுவோடு கூடியே நிலத்தாவர இனங்களிற் பெரும்பாலானவை வாழ்கின்றன என்பதை இன்றைய அறிவியல் ஏற்றுக்கொண்டுள்ளது.

இவ்விரு கதைகளும் ஒன்றுகலந்த இடம் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்திலுள்ள சென் ஹெலன்ஸ் மலையாகும். 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு ஒரு பூமியதிர்ச்சி மலையின் வடபுறத்தைச் சரித்தது. பக்கவாட்டில் பாய்ந்த வெடிப்பு ஏறத்தாழ 600 சதுர கிலோமீற்றர் காட்டை அழித்தது. 57 பேர் மாண்டனர். மலையின் உயரம் 400 மீற்றர் குறைந்தது. மலையடிவாரத்தை நுரைக்கல் மூடிப் பாலைவெளியாக்கியது. வானிலிருந்து அதனைப் பார்வையிட்ட ஜனாதிபதி காட்டர், இதனோடு ஒப்பிட்டால் சந்திரனின் தரையே மேல் என்ற பொருளிற் கூறினார்.

அந்நிலத்தை என்ன செய்வது என்பதில் அன்றே கருத்து வேறுபாடு எழுந்தது. விழுந்த மரங்களை அகற்றி விற்க வேண்டும், புதுக்கன்றுகள் நடவேண்டும் என்றனர் ஒருசாரார். மண்ணரிப்பைத் தடுக்கவென வெளிநாட்டுப் புல் விதைகள் வானூர்தியிலிருந்து தூவப்பட்டன. அறிவியலாளரோ, நிலத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்று கோரினர். 1982இல் ஏறத்தாழ 1,10,000 ஏக்கர் நிலத்தைத் தேசிய எரிமலை நினைவகமாக அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்கியது. தலையிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே சட்டம் செய்யப்பட்டது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நுரைக்கல் வெளியில் முதன்முதல் குடியேறிய தாவரங்களுள் முதன்மையானது லூப்பின் என்னும் ஊதாநிறப் பூச்செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வேர் முடிச்சுகளிலுள்ள பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை உணவாக்கித் தருகின்றன. மேலும், பெரும்பாலான செடிகளைப் போலன்றி, லூப்பின் வேர்ப்பங்கசுவை நம்பியிருப்பதில்லை. துணையெதுவுமற்ற நிலத்தில் முதலில் வேரூன்ற இவ்வியல்பு உதவியது. அது மடிந்து மண்ணானது; காற்றில் வந்த விதைகளை அதன் புதர் தடுத்து நிறுத்தியது. ஆயினும், அடுத்து வரவேண்டிய செடிகளுக்குப் பங்கசு தேவைப்பட்டது. புல்பூண்டுகளின் வேருக்குள் வாழும் பங்கசுவின் வித்திகள் பருமனானவை, மண்ணுக்குள்ளேயே உருவாகுபவை. காற்று அவற்றை எளிதிற் சுமந்து வருவதில்லை.

அவற்றைச் சுமந்தது கோபர் என்னும் வளைதோண்டும் சிறுபிராணி. வெடிப்பு நிகழ்ந்தபோது வளைக்குள் இருந்த கோபர்கள் பல உயிர் தப்பின. அவை தோண்டி எறிந்த பழைய மண்ணிற் பங்கசு வித்திகள் இருந்தன. விவசாயிகள் பீடையென வெறுக்கும் பிராணி இது. 1983இல் மைக்கல் அலன், ஜேம்ஸ் மக்மேகன் ஆகிய ஆய்வாளர்கள் சில கோபர்களை ஹெலிகொப்டரில் ஏற்றிச் சென்று, நுரைக்கல் வெளியில் வேலியிட்ட துண்டுகளில் ஒரேயொரு நாள் தோண்டவிட்டனர். அப்போது அங்கு பன்னிரண்டு செடிகள் அளவிலேயே இருந்தன. ஆறு ஆண்டுகளின் பின்னர் அத்துண்டுகளில் 40,000 செடிகள் இருந்தன. சுற்றியிருந்த நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. அந்த ஒரு நாளின் பயன் நான்கு தசாப்தங்கள் கடந்தும் மண்ணின் நுண்ணுயிர்களில் தெரிகிறது என்று 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அதே ஆய்வு கூறும் மற்றொரு செய்தியே என் மனதை உறுத்தியது. சாம்பல் மூடிய முதுகாட்டில் ஊசியிலைகள் கொட்டின. மண்ணிலிருந்த பங்கசு அவற்றின் சத்தை மீட்டு வேர்களுக்கு அளித்தது. மரங்கள் விரைவில் மீண்டன. எரிமலை வெடிக்குமுன்னரே மரங்கள் முற்றாக வெட்டப்பட்டிருந்த இடத்திலோ உதிர்வதற்கு இலை இருக்கவில்லை. பங்கசுக்கு உணவில்லை. அங்கு இன்னமும் பெரிதாக எதுவும் வளரவில்லை. எரிமலையின் நெருப்பைத் தாங்கிய மண்ணால் கோடரியைத் தாங்க முடியவில்லை.

தலையிடாமை என்னும் கொள்கைக்கும் சோதனை வந்தது. சரிந்த மலை, ஸ்பிரிட் ஏரியின் வடிகாலை அடைத்துவிட்டது. ஏரி உடைத்தால் கீழேயுள்ள ஊர்கள் அழியும் என்பதால் 1985இல் ஒரு சுரங்கவழி அமைக்கப்பட்டது. அதனைத் திருத்துவதற்காக நுரைக்கல் வெளியினூடே பாதையமைக்க 2021இல் அனுமதி வழங்கப்பட்டபோது, நாற்பதாண்டு ஆய்வு நிலம் சிதையும் என அறிவியலாளர் எதிர்த்தனர். வழக்கும் தொடரப்பட்டது. இரு தரப்பினரிடமும் நியாயம் உண்டு. கீழே வாழும் மக்களின் உயிர் ஒரு தட்டில். மீண்டும் எங்கும் பெறமுடியாத அறிவு மறு தட்டில்.

பேரழிவின் பின்னர் நிலம் மீளுமா என்று கேட்போர் வானத்தையும் விதையையும் பார்க்கின்றனர். சென் ஹெலன்ஸ் தரும் விடை வேறு. அழிவுக்கு முன்னர் அந்த மண்ணை நாம் எவ்வாறு வைத்திருந்தோம் என்பதே முதற் கேள்வி.