குற்றாலக் குறவஞ்சியின் தோற்றுவாயும் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலும்

முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றும் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்றும் ஒளிபரப்பைத் தொடங்கின. பின்னர் நெடுந்தொடர்கள் பெருகியபோது, முகப்புப் பாடலும் அதனுடன் வரும் காட்சிகளும் தனி வடிவமாக வளர்ந்தன. கதைக்கு முன்பே இசையாலும் உருவத்தாலும் அவையை ஈர்க்கும் இம்முறை தமிழ் அரங்கிற்குப் புதிதன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி இதற்குத் தக்க சான்றாகும்.

கட்டியக்காரன் வருகை

கடவுள் வணக்கமும் அவையடக்கமும் முடிந்ததும் முதலில் தோன்றுபவர் தலைவரோ தலைவியோ அல்லர், கட்டியக்காரனே. மார்பில் பூணூலும் கையில் நீண்ட பிரம்புமாக அவன் தோற்றம் விருத்தத்தில் வரையப்படுகிறது. அவன் திரிகூடநாதரின் பவனியை அறிவிக்கிறான். அதன்பின் உலா, அதைக் காணும் மகளிர், வசந்தவல்லி எனக் காட்சி விரிகிறது. விருத்தம் உருவத்தைத் தீட்ட, இராக தாளக் குறிப்புடைய கண்ணி அதனை ஆடலுக்கு உரியதாக்குகிறது.

தொடரின் முகப்பு

சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான மெட்டி ஒலி, ஒரு தந்தையையும் அவருடைய ஐந்து மகள்களையும் பற்றிய கதை. திருமணச் சடங்கை நினைவூட்டும் பாடலும் நடனமும் அதன் முகப்பாயின. மகள்களின் மணவாழ்வே கதையின் களம் என்பதைப் பாத்திரங்கள் பேசுமுன்னரே அவை உணர்த்தின. இரு முகப்புகளும் பொருளை முன்னறிவிக்கின்றன. எனினும் கட்டியக்காரன் கூறுவது தலைவனின் பெருமை. தொடரின் முகப்பு காட்டுவது படைப்பாளர் பெயர்கள். குறவஞ்சியின் தோற்றுவாய் ஓர் ஆட்டத்திற்கு ஒருமுறையே நிகழும். தொடரின் முகப்போ நாள்தோறும் ஒலித்து, அடுத்த அறையில் இருப்பவரையும் அழைக்கும் மணியாகிறது.

மெட்டும் நிலைபேறும்

இராக தாளப் பெயர்களை மட்டும் கொண்டு பழைய மெட்டை மீட்டெடுக்க இயலாது. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இந்நூலை நாட்டிய நாடகமாக்கியபோது வீணை கிருஷ்ணமாச்சாரியார் அதற்கு இசையமைத்தார். குறவஞ்சியில் சொல் ஏட்டில் நின்றது. இசை ஆடுவோரைச் சார்ந்திருந்தது. தொடரின் பாடலோ ஒலிப்பதிவாகவே பிறக்கிறது.

முடிவுரை

இணையவழித் தளங்களில் முகப்பைத் தாண்டிச் செல்லப் பொத்தான் உண்டு. கட்டியக்காரனை நீக்கினாலும் வசந்தவல்லியின் கதை புரியும். ஆனால் அவள் காதல்கொள்ளும் தலைவன் யார், அவன் வரும் வீதி எது என்பதை அவைக்கு உணர்த்தும் வாயில் அடைபடும். எனவே முகப்பைக் கதைக்குப் புறம்பான அணியாகக் கொள்ளாது, அரங்க மரபின் உறுப்பாகக் கொண்டு பதிவுசெய்து ஆராய்தல் தகும்.