கட்சித் தாவல் தடைச் சட்டம்: முடிவெடுப்பவர் உண்டு, காலக்கெடு இல்லை

ஒரு கட்சியின் சின்னத்தில் வெற்றி பெற்றுவிட்டு, பதவிக்காலம் முடியும் முன்பே வேறு கட்சிக்குச் செல்லும் மக்கள் பிரதிநிதிகளைத் தகுதிநீக்கம் செய்வதற்காக அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தகுதிநீக்கம் குறித்து யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை இந்த அட்டவணை தெளிவாகக் கூறுகிறது. எத்தனை நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் அது கூறவில்லை. மணிப்பூர், மகாராஷ்டிரம், தெலங்கானா என அடுத்தடுத்து உச்சநீதிமன்றத்தை எட்டிய வழக்குகளின் மையமாக இருப்பது இந்த இடைவெளிதான். குடிமைப் பணித் தேர்வுகளின் முதல்நிலை, முதன்மை ஆகிய இரு கட்டங்களுக்கும் பயன்படும் இந்தத் தலைப்பின் பின்னணி, விதிகள், தீர்ப்புகள், சீர்திருத்தப் பரிந்துரைகள் ஆகியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சட்டம் பிறந்த பின்னணி

1967 பொதுத் தேர்தலுக்குப் பிறகு பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி அரசுகள் அமைவதும் கவிழ்வதும் வழக்கமாயின. ஹரியாணாவில் சுயேச்சையாக வென்ற கயா லால் என்ற பேரவை உறுப்பினர் ஒரே பதினைந்து நாள்களில் மூன்று முறை அணி மாறினார். கட்சி தாவுவோரைக் குறிக்கும் 'ஆயா ராம், கயா ராம்' என்ற தொடர் அப்போது பிறந்ததே.

இதனை ஆராய மத்திய உள்துறை அமைச்சர் ஒய்.பி.சவாண் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. முதல் பொதுத் தேர்தலுக்கும் நான்காவது பொதுத் தேர்தலுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதிலும் ஏறத்தாழ 542 கட்சித் தாவல்கள் நிகழ்ந்திருக்க, நான்காவது தேர்தலுக்குப் பிந்தைய 12 மாதங்களில் மட்டும் 438 தாவல்கள் நிகழ்ந்ததாக அக்குழு 1969-இல் அளித்த அறிக்கை தெரிவித்தது. ஏழு மாநிலங்களில் கட்சி மாறிய 210 உறுப்பினர்களில் 116 பேர் அமைச்சரவையில் இடம்பெற்றனர். பதவி ஆசையே தாவலுக்கு முதன்மைக் காரணம் என்பதை இந்த எண்ணிக்கை உணர்த்தியது.

1973-லும் 1978-லும் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது 52-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதாவை மக்களவை 1985 ஜனவரி 30-லும், மாநிலங்களவை மறுநாளும் நிறைவேற்றின. அதே ஆண்டு மார்ச் 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன் மூலம் பிரிவுகள் 101, 102, 190, 191 ஆகியவை திருத்தப்பட்டு, பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது.

தகுதிநீக்கம் எப்போது?

கட்சி உறுப்பினர் ஒருவர் இரண்டு காரணங்களால் பதவியை இழக்கலாம். ஒன்று, கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாக முன்வந்து கைவிடுதல். மற்றொன்று, கட்சியின் உத்தரவுக்கு மாறாக, முன் அனுமதி பெறாமல் அவையில் வாக்களித்தல் அல்லது வாக்கெடுப்பைப் புறக்கணித்தல். இரண்டாவது நிலையில், 15 நாள்களுக்குள் கட்சி அச்செயலை மன்னித்துவிட்டால் தகுதிநீக்கம் எழாது.

தாமாகக் கைவிடுதல் என்பது கட்சியிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பதை மட்டும் குறிப்பதன்று. உறுப்பினரின் நடத்தையைக் கொண்டும் அதனை முடிவு செய்யலாம் என்று ரவி நாயக் வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் கூறியது.

சுயேச்சை உறுப்பினர் தேர்தலுக்குப் பின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவியை இழப்பார். நியமன உறுப்பினருக்குப் பதவியேற்ற நாளிலிருந்து ஆறு மாத அவகாசம் உண்டு. அதற்குப் பின் கட்சியில் சேர்ந்தால் தகுதிநீக்கத்துக்கு உள்ளாவார்.

சட்டம் இயற்றப்பட்டபோது, கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து சென்றால் அது பிளவாகக் கருதப்பட்டு, அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. 2003-இல் நிறைவேற்றப்பட்ட 91-ஆவது திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலுடன் நடைபெறும் இணைப்புக்கு அளிக்கப்பட்ட விலக்கு மட்டும் தொடர்கிறது. 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரஸின் 15 உறுப்பினர்களில் 10 பேர் பாஜகவில் இணைந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் ராஜஸ்தானில் பகுஜன் சமாஜின் ஆறு உறுப்பினர்களும் காங்கிரஸில் இணைந்ததும் இந்த விலக்கின் துணையோடுதான். தனியாகச் சென்றால் தண்டனை, கூட்டமாகச் சென்றால் பாதுகாப்பு என்ற விமர்சனம் இதனால் எழுகிறது.

அமைச்சரவையின் அளவு அவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் 91-ஆவது திருத்தமே கொண்டுவந்தது. மாநிலங்களில் குறைந்தபட்ச எண்ணிக்கை 12. கட்சித் தாவலுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர், மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் வரை அல்லது பதவிக்காலம் முடியும் வரை அமைச்சராகவும், ஊதியம் தரும் அரசியல் பதவியிலும் இருக்க முடியாது.

அவைத் தலைவரிடம் அதிகாரம்

பத்தாவது அட்டவணையின் 6-ஆவது பத்தி, தகுதிநீக்க மனுக்கள் மீது முடிவெடுக்கும் அதிகாரத்தை மக்களவைத் தலைவர், மாநிலங்களவைத் தலைவர், பேரவைத் தலைவர், மேலவைத் தலைவர் ஆகியோருக்கு அளிக்கிறது. ஆதாயப் பதவி உள்ளிட்ட ஏனைய தகுதிநீக்கங்களில் நடைமுறை வேறு. அவற்றில் பிரிவுகள் 103, 192 ஆகியவற்றின்படி, தேர்தல் ஆணையத்தின் கருத்தைப் பெற்று அதற்கேற்பக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவெடுக்கிறார். கட்சித் தாவல் விவகாரத்தில் மட்டும், பெரும்பாலும் ஆளுங்கட்சியின் ஆதரவால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே ஆதரவால் பதவியில் தொடரும் ஒருவர் நடுவராக அமர்கிறார்.

1992-ஆம் ஆண்டின் கிஹோட்டோ ஹொலோஹான் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த ஏற்பாட்டை 3-2 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. பேரவைத் தலைவர் பதவியின் மரபும் மாண்பும் நடுநிலைக்கு உறுதி அளிப்பதாகப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். அவையின் பெரும்பான்மையைச் சார்ந்திருப்பவர் சுதந்திரமான நடுவராக இருக்க இயலாது என்பது சிறுபான்மைத் தீர்ப்பின் நிலைப்பாடு. நீதிமன்றத் தலையீட்டை முற்றிலும் தடுத்த 7-ஆவது பத்தி, மாநிலங்களில் பாதியேனும் ஒப்புதல் அளிக்காததால் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அவைத் தலைவர் இந்தப் பணியில் ஒரு தீர்ப்பாயமாகச் செயல்படுகிறார் என்றும், அவரது முடிவு நீதித்துறை மறுஆய்வுக்கு உட்பட்டது என்றும் நீதிமன்றம் கூறியது. எனினும், பொதுவாக முடிவு வெளியான பின்னரே அந்த மறுஆய்வு சாத்தியம். முடிவே வெளியாகாதபோது என்ன செய்வது என்ற கேள்வி அங்கிருந்து தொடங்கியது.

காலம் கடந்த முடிவுகள்

உத்தரப் பிரதேசம்: 2003 ஆகஸ்ட் 27 அன்று பகுஜன் சமாஜ் உறுப்பினர்கள் 13 பேர் ஆளுநரைச் சந்தித்து, முலாயம் சிங் யாதவை ஆட்சி அமைக்க அழைக்குமாறு கோரினர். அவர்களுக்கு எதிரான மனு முடிவு செய்யப்படாமலேயே, 37 பேர் பிரிந்ததாகக் கூறப்பட்ட பிளவைப் பேரவைத் தலைவர் ஏற்றார். 13 பேரும் தகுதி இழந்தவர்கள் என்று உச்சநீதிமன்றமே 2007 பிப்ரவரி 14-இல் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அடுத்த பேரவைத் தேர்தல் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அவர்கள் உறுப்பினர்களாகவே நீடித்திருந்தனர்.

மணிப்பூர்: 2017 தேர்தலில் 60 இடங்களில் 28-ஐ வென்று காங்கிரஸ் தனிப்பெரும் கட்சியானது. அக்கட்சியின் சின்னத்தில் வென்ற ஷியாம்குமார், சில நாள்களிலேயே பாஜக தலைமையிலான அரசில் அமைச்சராகப் பதவியேற்றார். அவருக்கு எதிரான மனுக்கள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தன. 2020 ஜனவரி 21-இல் கெய்ஷம் மேகச்சந்திர சிங் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி ஆர்.எஃப்.நாரிமன் தலைமையிலான அமர்வு, அசாதாரணச் சூழல் இல்லாவிட்டால் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. குறித்த காலத்தில் முடிவு வராததால், பிரிவு 142-இன் கீழ் ஷியாம்குமாரை அமைச்சரவையிலிருந்து நீக்கி உச்சநீதிமன்றம் மார்ச் 18-இல் உத்தரவிட்டது. பத்து நாள்களுக்குப் பின் பேரவைத் தலைவர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்.

மகாராஷ்டிரம்: 2022 ஜூனில் சிவசேனை இரண்டாகப் பிரிந்தது. 2023 மே 11-இல் தீர்ப்பளித்த அரசமைப்பு அமர்வு, நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு பேரவைத் தலைவரைக் கேட்டுக்கொண்டது. கொறடாவை நியமிக்கும் உரிமை சட்டமன்றக் கட்சிக்கு அல்ல, அரசியல் கட்சிக்கே உண்டு என்றும் தெளிவுபடுத்தியது. பின்னர் நீதிமன்றமே கெடு விதித்து, அதனை நீட்டித்த பிறகு, 2024 ஜனவரி 10-இல் முடிவு வெளியானது. இரு அணிகளிலும் எவரும் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை.

தெலங்கானா: பாரத் ராஷ்டிர சமிதியின் சின்னத்தில் 2023-இல் வென்ற பத்து உறுப்பினர்கள் காங்கிரஸுக்குச் சென்றதாகத் தொடரப்பட்ட வழக்கில், மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்குமாறு 2025 ஜூலை 31-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களில் ஒருவர் 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராகவே போட்டியிட்டவர். இந்த அதிகாரத்தை அவைத் தலைவரிடம் விட்டுவைப்பது நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்றும் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு குறிப்பிட்டது.

விரைவும் சாத்தியமே

தாமதம் தவிர்க்க முடியாதது அன்று. ஐக்கிய ஜனதா தளத்தின் சரத் யாதவ், அலி அன்வர் ஆகியோருக்கு எதிரான மனுக்கள் 2017 செப்டம்பரில் அளிக்கப்பட்டன. மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடு மூன்று மாதங்களில், டிசம்பர் 4-இல் இருவரையும் தகுதிநீக்கம் செய்தார்.

ஒரே அவையில் இரு வேறு வேகங்கள் காணப்பட்டதற்குத் தமிழகம் எடுத்துக்காட்டு. 2017 ஆகஸ்டில் ஆளுநரிடம் மனு அளித்த 18 அதிமுக உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 18-இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேர் மீதான மனுக்களோ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் முடிவு செய்யப்படாமல் இருந்தன. விதி ஒன்றாக இருந்தும், வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை முழுவதும் ஒருவரிடமே இருந்ததை இந்த வேறுபாடு காட்டுகிறது.

தகுதிநீக்கத்தின் விளைவும் வரம்புக்கு உட்பட்டது. கர்நாடகத்தில் 17 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்த பேரவைத் தலைவர், அவை முடியும் வரை அவர்கள் போட்டியிடவும் தடை விதித்தார். 2019 நவம்பர் 13-இல் தகுதிநீக்கத்தை உறுதி செய்த உச்சநீதிமன்றம், காலத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அவைத் தலைவருக்கு இல்லை என அந்தத் தடையை நீக்கியது. அடுத்த மாதமே 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடைபெற்றது. அவற்றில் 12-ஐ பாஜக வென்றது.

சீர்திருத்தப் பரிந்துரைகள்

தினேஷ் கோஸ்வாமி குழுவும் (1990), சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கையும் (2015) தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவெடுக்கலாம் என்றன. ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி அல்லது உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்கலாம் என்பது மணிப்பூர் வழக்கில் கூறப்பட்ட யோசனை. இவற்றுக்கு அரசமைப்புத் திருத்தம் தேவை.

மறுதரப்பு வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. அவையின் உள்விவகாரங்களில் வெளி அமைப்புகள் தலையிட்டால் சட்டமன்றத்தின் தன்னாட்சி பாதிக்கப்படும் என்பது ஒரு வாதம். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் கொறடா உத்தரவு பொருந்துவதால், மனச்சான்றுப்படி வாக்களிக்கும் உரிமையை உறுப்பினர் இழக்கிறார் என்பது மற்றொன்று. ஆட்சியின் இருப்பைத் தீர்மானிக்கும் நம்பிக்கை, நம்பிக்கையில்லா வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைச் சுருக்க வேண்டும் என கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது.

காலக்கெடு விதிப்பது இவ்விரு வாதங்களுக்கும் முரணானதன்று. முடிவெடுக்கும் அதிகாரம் அவைத் தலைவரிடமே இருந்தாலும், மூன்று மாதம் என்ற வரம்பு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டால், வாக்காளர் ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி இழந்தவர் அவையில் அமர்ந்து சட்டமியற்றும் ஒவ்வொரு நாளும், இடைத்தேர்தல் மூலம் மீண்டும் தீர்ப்பளிக்கும் உரிமை அத்தொகுதி மக்களுக்குத் தள்ளிப்போகிறது.

தேர்வர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

• 52-ஆவது திருத்தம், 1985: பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது.
• 91-ஆவது திருத்தம், 2003: பிளவு விலக்கு நீக்கம், அமைச்சரவைக்கு 15 சதவீத வரம்பு, பிரிவுகள் 75(1ஏ), 164(1ஏ), 361பி.
• கிஹோட்டோ ஹொலோஹான், 1992: 7-ஆவது பத்தி ரத்து, அவைத் தலைவர் தீர்ப்பாயமாகச் செயல்படுகிறார்.
• கெய்ஷம் மேகச்சந்திர சிங், 2020: மூன்று மாத வரம்பு; தனித் தீர்ப்பாய யோசனை.
• சுபாஷ் தேசாய், 2023: கொறடா நியமனம் அரசியல் கட்சியின் உரிமை.
• அவைத் தலைவர் மீதே புகார் எழுந்தால், அவை தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் ஒருவர் அதனை முடிவு செய்வார்.

மாதிரி வினா: 'கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் பலவீனம் அதன் விதிகளில் இருப்பதைவிட, அதனைச் செயல்படுத்தும் முறையிலேயே அதிகம் உள்ளது.' அண்மைக்காலத் தீர்ப்புகளின் அடிப்படையில் ஆராய்க. (15 மதிப்பெண்கள்)